எண்ணெய்க் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பது எப்படி

நூறு புளியங்கொட்டை, விருந்து மேசையில் விரிக்கும் வெள்ளைத் தாளில் நான்கு முழம், தடித்த பேனா ஒன்று, இணையம் வரும் கைப்பேசி ஒன்று, மலாயைத் தடுமாறாமல் வாசிக்கும், இடைநிலைப்பள்ளி நான்காம் ஆண்டான படிவம் நான்கில் படிக்கும் பிள்ளைகள் சிலர். தேவையானவை இவ்வளவுதான். தேநீரும் பிஸ்கட்டும் வைத்தால் பெற்றோரும் உட்காருவார்கள். வைக்காவிட்டால் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது கணக்கெழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர், நாள், கிலோ, சென் என்று எழுதியே கண்ணாடியின் கனம் ஏறியது. ஊரில் இன்றும் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நாட்டின் பெட்ரோலியப் பணம் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற இந்த எண்ணெய்க் கணக்கைப் போடுகிறோம். தங்கள் ஊரிலும் செய்ய வேண்டும் என்று சிலர் முறை கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

“சுற்றிலும் செம்பனை, மிச்சம் மீதி ரப்பர். நமக்கு எதற்கம்மா எண்ணெய் அரசியல்?” என்று யாராவது ஓர் அப்பா தொடக்கத்திலேயே கேட்பார். அவரிடம் சொற்பொழிவு வேண்டாம். மகள் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும் எந்த உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடப் போகிறாள் என்று கேளுங்கள். தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் என்பார். ஈப்போவைத் தாண்டினால் செரி இஸ்கண்டாரில் ஏரிகளுக்கு நடுவே இருக்கும் பல்கலைக்கழகம் யாருடையது என்று கேளுங்கள். அதுவும் பெட்ரோனாஸ். மைகார்டு அடையாள அட்டையை நீட்டி லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் ஊற்றுகிறாரே, அந்த மானியத்தையும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சம்பளத்தையும் கொடுப்பது கூட்டரசு, அதாவது நாட்டின் மத்திய அரசு. அந்தக் கூட்டரசின் வருவாயில் 2009இல் சுமார் 40 விழுக்காடு எண்ணெய், எரிவாயு வழியாகத்தான் வந்தது. இவ்வளவு சொன்னால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

கொட்டைகளைப் பிரிப்பது

தாளின் நடுவில் கொட்டைகளைக் குவித்து, இது திரெங்கானு கடலிலிருந்து எடுத்த நூறு பீப்பாய் என்று சொல்லுங்கள். நான்கு மூலையிலும் கட்டம் போட்டு மாநில அரசு, கூட்டரசு, பெட்ரோனாஸ், எண்ணெய் எடுக்கும் நிறுவனம் என்று எழுதுங்கள். முதல் 5 கொட்டை மாநிலத்துக்கு ராயல்டி, அதாவது உரிமைத்தொகை. அடுத்த 5 கூட்டரசுக்கு. மீதி 90இல் ஒரு பங்கை, எடுத்த செலவுக்கு ஈடாக நிறுவனத்தின் கட்டத்தில் தள்ளுங்கள். அந்த அளவு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் என்பதால் கையால் ஒரு பிடி அள்ளினால் போதும். எஞ்சியது லாபம். அதைப் பெட்ரோனாஸும் நிறுவனமும் ஒப்பந்தப்படி பங்கிட்டுக்கொள்ளும்.

பலர் இந்த இடத்தில் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். ஐந்துக்கு ஐந்து, சரிபாதி என்று பிள்ளைகளும் எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். விடாதீர்கள். லாபத்தின் மீது பெட்ரோலிய வருமான வரி 38 விழுக்காடு. அதை எடுத்துக் கூட்டரசுக் கட்டத்தில் வையுங்கள். பிறகு பெட்ரோனாஸ் தன் உரிமையாளருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகை. உரிமையாளர் கூட்டரசுதான், ஆகவே அதுவும் அங்கேயே போகிறது. மாநிலத்தின் கட்டத்துக்கு வாசல் ஒன்று. கூட்டரசின் கட்டத்துக்கு வாசல் மூன்று. இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இப்போது கைப்பேசியை எடுக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு நிதியமைச்சு வருவாய் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். அதில் ‘ஹாசில் புக்கான் சுக்காய்’, அதாவது வரியல்லாத வருவாய் என்ற தலைப்பின் கீழ் பெட்ரோனாஸ் ஈவுத்தொகை இருக்கும். வரிகளின் பட்டியலில் ‘சுக்காய் பெண்டாப்பாத்தான் பெட்ரோலியம்’ இருக்கும். இரண்டையும் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் விரலை நீட்டாதீர்கள். ஈவுத்தொகை 2019இல் 5,400 கோடி ரிங்கிட், அதில் 3,000 கோடி சிறப்பு ஈவுத்தொகை. 2022இல் 5,000 கோடி. 2023இல் 4,000 கோடி. 2024இல் 3,200 கோடி. தாளின் ஓரத்தில் வரிசையாக எழுதி வையுங்கள். ஏன் ஏறி இறங்குகிறது என்று ஒருவராவது கேட்பார்கள். அவரையே அடுத்த வேலைக்கு அனுப்புங்கள்: அந்த ஆண்டு பட்ஜெட் எண்ணெய் விலையைப் பீப்பாய் எத்தனை டாலர் என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது?

இதற்கு 2016ஆம் ஆண்டைப் போல நல்ல பாடம் இல்லை. பட்ஜெட் போட்டபோது பீப்பாய் 48 டாலர் என்று கணக்கு. ஜனவரியில் உலகச் சந்தையில் விலை 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த மாத இறுதியிலேயே 30 முதல் 35 டாலர் என்று மாற்றி பட்ஜெட்டைத் திருத்தினார்கள். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடும் அந்தக் காலத்தில் சுருங்கியது. எங்கோ ஒரு சந்தையில் விலை சரிந்தால் சுங்கை சிப்புட் பிள்ளையின் பல்கலைக்கழகம் எங்கே செலவைக் குறைப்பது என்று யோசிக்கிறது. எண்ணெய்க்கும் கல்விக்கும் உள்ள உறவை நான் வேறு எப்படிச் சொன்னாலும் இந்த அளவுக்கு ஏறவில்லை.

கூட்டரசின் கட்டத்தில் விழுந்த கொட்டைக்குப் பெயர் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாம் ஒரே நிதியில் கலந்துவிடும். அதிலிருந்து சாலை, சம்பளம், மருந்து, பள்ளிக் கூரை என்று போகிறது. ஆகையால் யாராவது மேடையேறி, இந்தக் கட்டடம் எண்ணெய்ப் பணத்தில் கட்டியது என்றால், நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அப்படிப் பிரித்துக் காட்ட அவராலும் முடியாது. பெயர் சொல்லிக் காட்டக்கூடியது ஒன்று உண்டு: 1988இல் தொடங்கிய தேசிய அறங்காவல் நிதி. பெட்ரோனாஸ் பங்களிப்பு சேர்ந்துகொண்டிருந்த அந்த நிதியிலிருந்து 2021இல் கோவிட் தடுப்பூசிக்காக 500 கோடி ரிங்கிட் எடுத்தார்கள். நமக்கு மண்டபத்தில் போட்ட ஊசிக்கும் கடலடி எண்ணெய்க்கும் அப்படி ஒரு சம்பந்தம்.

சுவரில் ஓர் அட்டவணை

அரசியல் இங்கேதான் தொடங்குகிறது. தோட்ட அலுவலகத்தில் ஒரு தொகை வந்தால் நான் மூன்று விவரம் பார்ப்பேன்: எந்தக் கடிதத்தின் பேரில் வந்தது, கையெழுத்து யாருடையது, அடுத்த மாதம் இதை நிறுத்த யாரால் முடியும். எண்ணெய்ப் பணத்துக்கும் அதே மூன்று பத்திகள். தாளைச் சுவரில் ஒட்டி, இடப்பக்கம் மாநிலங்களின் பெயரை எழுதுங்கள்.

முதல் பத்தி நிரப்பச் சுலபம். 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம். மிகச் சிறிய சட்டம்; ஒரே மாலையில் வாசித்துவிடலாம். நாட்டின் எண்ணெய் முழுவதற்கும் உரிமை பெட்ரோனாஸுக்கு என்கிறது 2ஆம் பிரிவு. அந்த நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டுக்கும் பணிப்புக்கும் உட்பட்டது என்கிறது 3ஆம் பிரிவு. மாநிலத்துக்கும் கூட்டரசுக்கும் ரொக்கம் தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் 5 விழுக்காடு எங்கே என்று பிள்ளைகளைத் தேடவிடுங்கள். கிடைக்காது. சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துக்கொள்ளும் தொகை என்றுதான் இருக்கிறது. அந்த 5 விழுக்காடு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பதற்கும் ஒப்பந்தத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த எந்தத் தோட்டத்துப் பெற்றோருக்கும் உடனே புரியும்.

இரண்டாம் பத்தியில் தேதி எழுதுங்கள். திரெங்கானுவும் சரவாக்கும் 1975இல் கையெழுத்திட்டன. சபா 1976 ஜூன் 14. அதற்கு எட்டு நாள் முன்பு, ஜூன் 6 அன்று, முதலமைச்சர் ஃபுவாட் ஸ்டீபன்ஸும் அவருடைய அமைச்சர்கள் சிலரும் விமான விபத்தில் இறந்திருந்தார்கள். இந்த வரியை எழுதியதும் மண்டபத்தில் சதிக்கதை கிளம்பும். கிளம்பட்டும், ஆனால் பேனாவைக் கொடுக்காதீர்கள். 2023இல் வெளியான பழைய விசாரணை அறிக்கை நாசவேலைக்கு ஆதாரம் இல்லை என்றது. அட்டவணையில் தேதி மட்டும் ஏறட்டும்.

நிறுத்த யாரால் முடியும் என்ற மூன்றாம் பத்திக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். திரெங்கானுவிலிருந்து தொடங்குங்கள். 1999 பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சியான பாஸ் அந்த மாநிலத்தைப் பிடித்தது. ஹாடி அவாங் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர் ஆனார். மறு ஆண்டே மாநில அரசுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியைக் கூட்டரசு நிறுத்தியது. மாநிலத்தின் எல்லை கரையிலிருந்து 3 கடல் மைல்தான், எண்ணெய் எடுப்பது அதற்கு அப்பால், ஆகவே அது உரிமை ஆகாது என்பது கூட்டரசின் வாதம். பணம் ‘வாங் இஹ்சான்’ (கருணைப் பணம்) என்ற பெயரில், மாநில அரசின் கையில் படாமல், கூட்டரசு அமைப்புகள் வழியாகச் செலவானது. மாநில அரசு வழக்குப் போட்டது. 2004 தேர்தலில், கூட்டரசை ஆண்டுகொண்டிருந்த தேசிய முன்னணி திரெங்கானுவைத் திரும்பப் பிடித்தது. கிணறு மாறவில்லை, கடல் மாறவில்லை, 1975 ஒப்பந்தமும் மாறவில்லை. மாறியது மாநில ஆட்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒன்றுதான்.

அடுத்தது சரவாக். 1910இல் மிரியில் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட மாநிலம். 5 விழுக்காட்டை உயர்த்தச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு வேறு கதவைத் தட்டினார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 95பி விதி சபாவும் சரவாக்கும் விற்பனை வரி விதிக்க இடம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு 2019 ஜனவரி 1 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு வரி போட்டது சரவாக். பெட்ரோனாஸ் மறுத்தது. 2020 மார்ச்சில் கூச்சிங் உயர் நீதிமன்றம் சரவாக் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் பெட்ரோனாஸ் பணத்தைக் கட்டியது. பெட்ரோஸ் என்று சொந்த எண்ணெய் நிறுவனத்தையும் மாநிலம் வைத்திருக்கிறது. 2026 முதல் தன் மாநிலப் பிள்ளைகளுக்கு மாநிலத்தின் உயர்கல்விக் கழகங்களில் கட்டணமில்லாக் கல்வி என்று அறிவித்த துணிச்சல் இந்த வருவாயின் பின்புலத்தில் வந்ததுதான்.

இந்த இரண்டு வரிசையையும் நிரப்பிய பிறகு, நாடாளுமன்ற இருக்கைகளைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். 222இல் திரெங்கானுவுக்கு 8, சரவாக்குக்கு 31. வேறு எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் தேநீர் குடியுங்கள்.

தேர்தல் வாக்குறுதிகளும் இந்தப் பத்தியில்தான் சோதனைக்கு வர வேண்டும். 2018இல் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி தன் கொள்கை அறிக்கையில் சபா, சரவாக்குக்கு 20 விழுக்காடு ராயல்டி என்றது. வென்ற பிறகு அது உற்பத்தியிலா லாபத்திலா என்ற விவாதம் கிளம்பியது. புளியங்கொட்டையை எடுத்து இரண்டு விதமாகவும் எண்ணிக் காட்டுங்கள். நூறிலிருந்து இருபது எடுப்பதும், செலவு போன பிறகு எஞ்சியதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு எடுப்பதும் ஒன்றல்ல. ‘எதில் விழுக்காடு’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் பேச்சாளரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

பேராக்குக்கு வரிசை இல்லை

பிள்ளைகள் நம் மாநிலத்தைக் கேட்பார்கள். பேராக்குக்கு எண்ணெய்க் கிணறும் இல்லை, ராயல்டியும் இல்லை. நமக்குக் கிடைத்தது பல்கலைக்கழகம். செரி இஸ்கண்டார் பக்கத்தில், ஈயம் தோண்டி முடித்த துரோனோ நிலத்தில், 1997இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் கட்டடத்துக்கு 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோரின் காதில் இரண்டு முறை போடுங்கள். பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு, பெட்ரோனாஸ் உபகாரச் சம்பளம் கிடைப்பது வேறு. அது தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் உண்டு. இடம் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டு, கட்டண விவரத்தைக் கண்டு திகைத்த குடும்பம் எங்கள் வட்டாரத்தில் உண்டு.

உபகாரச் சம்பளத்துக்குத் தயாராவது

பெட்ரோனாஸ் 1975 முதல் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துவருகிறது. நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அண்ணன் மனுப் போட்டபோது இப்படி இருந்தது என்பதை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பை நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் வாசியுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் சுட்டிகளைத் தொடாதீர்கள். பொறியியல் மட்டும் என்று எண்ணி ஒதுங்கவும் வேண்டாம். புவியறிவியல், கணக்கியல் போன்ற துறைகளுக்கும் வாய்ப்பு வந்ததுண்டு.

எஸ்பிஎம் முடிவு வந்த பிறகு ஓடுவதில் பாதிப் பயன்கூட இல்லை. இந்த வாய்ப்பு திறப்பதும் மூடுவதும் படிவம் மூன்றின் கடைசியில். 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை போய், பாடங்களைத் தேர்ந்து எடுக்கும் முறை வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. சிறிய ஊர் இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பிள்ளைகள் போதவில்லை என்றால் அந்த வகுப்பே திறக்காமல் போகலாம். ஆகவே படிவம் மூன்று பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து பள்ளிக்குப் போய், இந்தப் பாடங்கள் அடுத்த ஆண்டு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஓர் அம்மா கேட்டால் விசாரணை, ஐந்து அம்மா கேட்டால் வகுப்பு.

நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் சறுக்குவது மதிப்பெண்ணால் அல்ல, வாய் திறக்காததால். குழுவாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். பட்டணத்துப் பிள்ளை பேசி முடிக்கும்வரை நம் பிள்ளை மரியாதையாகக் காத்திருக்கும். அதற்காகவே எங்கள் மண்டபத்தில் கொட்டைப் பாடத்தை முதலில் தமிழில், பிறகு மலாயில், பிறகு மூன்று நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறோம். இலக்கணம் தவறினால் நடுவில் திருத்தாதீர்கள். ராயல்டிக்கும் ஈவுத்தொகைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த பதினேழு வயதுப் பிள்ளையைத் தேர்வாளர் மறக்க மாட்டார்.

கிடைத்துவிட்டால், ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை ஆண்டு வேலை பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார், மதிப்பெண் குறைந்தால் என்ன, துறை மாற விரும்பினால் என்ன, நிறுவனம் வேலை கொடுக்காவிட்டால் கடமை தீருமா, திருப்பிக் கட்ட நேர்ந்தால் எவ்வளவு, உத்தரவாதம் யார். உத்தரவாதக் கையெழுத்துக்குச் சித்தப்பாவையோ மாமாவையோ கடைசி நாளில் தேடாமல் முன்பே பேசி வையுங்கள். உத்தரவாதம் போட்டவர் பின்னால் பணம் கட்ட நேரிடலாம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது ஒன்றையே நம்பியிருக்கவும் கூடாது. பொதுச் சேவைத் துறை, வங்கிகள், தோட்ட நிறுவனங்களின் அறநிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் போடுங்கள். மாநில அறநிறுவனங்கள் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. எண்ணெய் ஊறும் சபாவிலும் சரவாக்கிலும் ஒரு தமிழ்ப்பள்ளிகூட இல்லை. எண்ணெய் ஊறாத பேராக்கில் 130க்கும் மேல் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பிறப்பது ஒரு கட்டத்தில், கொட்டை விழுவது இன்னொரு கட்டத்தில்.

படிப்பில் நாட்டமில்லாத பையன்களை மறந்துவிட வேண்டாம். வெல்டிங், சாரம் கட்டுதல், குழாய் பொருத்துதல் தெரிந்தவர்களுக்கு கெர்த்தேயிலும் பெங்கேராங்கிலும் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலத்தில் வேலை இருக்கிறது. 1981இல் தொடங்கிய பெட்ரோனாஸின் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் இயங்குகிறது. எண்ணெய்த் தளங்களுக்குள் நுழைய நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்புக் கடப்பிதழ் கேட்பார்கள். இதையெல்லாம் மொத்தமாக எடுத்துத் தருகிறேன் என்று ஒரு முகவர் எங்கள் ஊர்ப் பையன்களிடம் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு நேரடியாகப் போன் செய்து, கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று கேட்ட பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

பள்ளிக்கு வரும் அன்பளிப்பு

நிறுவனங்கள் புத்தகப் பையும் காலணியும் கொண்டுவந்து கொடுக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். பிள்ளைக்குத் தேவையான பொருளை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கிராணி புத்தி கொஞ்சம் வேண்டும். என்ன வந்தது, எத்தனை, எந்த நிறுவனம் என்று பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பிலும் எழுதுங்கள். பதாகையில் நிறுவனத்தின் பெயருக்கு மேலே எந்த அரசியல்வாதியின் படமாவது பெரிதாக இருந்தால், ஐயா, இது அவர் பணமா நிறுவனத்தின் பணமா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு வரும் பைகளைப் பதிவேட்டில் ஏற்றும்போது தேதியைச் சிவப்பு மையில் எழுதுவது என் சொந்தப் பழக்கம்.

யாரிடம் எதைக் கேட்பது

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகு கேள்வி தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் உழைப்பு வீண். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எண்ணெயும் எண்ணெய் வயல்களும் கூட்டரசுப் பட்டியலில். கல்வியும் கூட்டரசுப் பட்டியலில். நிலம் மாநிலப் பட்டியலில். தோட்ட நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கு நிலமும் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே எங்கள் வட்டாரத்து லிந்தாங், ஜாலோங் சட்டமன்ற உறுப்பினர்களிடம் எண்ணெயைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. அவர்களிடம் பள்ளி நிலத்தைக் கேளுங்கள். எண்ணெய்ப் பணத்தை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மேடைக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் கைதட்டல் கிடைக்கும், பதில் கிடைக்காது. மலாயில் கடிதம் எழுதி, தமிழ் நகலையும் வைத்து, சேவை மையத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு கொடுங்கள். நாங்கள் எழுதும் விதம் இது:

“மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு. கடந்த நிதியாண்டில் பெட்ரோனாஸ் ஈவுத்தொகை எவ்வளவு, நடப்பு பட்ஜெட்டில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு எத்தனை டாலர் என்று கணக்கிடப்பட்டது, அந்த விலையிலிருந்து 10 டாலர் குறைந்தால் கல்வியமைச்சின் எந்தச் செலவு முதலில் குறையும்? இக்கேள்வியைத் தாங்கள் மக்களவையில் எழுத்துப்பூர்வமாக எழுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.”

கீழே பெற்றோர் கையெழுத்து, அடையாள அட்டை எண் வேண்டாம், பெயரும் தோட்டமும் போதும். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். பள்ளிக் கழிப்பறை, சாலை விளக்கு எல்லாவற்றையும் சேர்த்தால் அவர் சாலை விளக்குக்கு மட்டும் பதில் எழுதுவார். மக்களவையில் எழுப்பப்பட்ட கேள்வியின் பதில் நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஏறும். பிள்ளைகளில் ஒருவருக்கு அதைத் தேடும் பொறுப்பைக் கொடுங்கள். கிடைத்ததும் அச்செடுத்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மாதம் ஒன்றாகியும் பதில் இல்லை என்றால், அதே கடிதத்தின் மேல் ‘நினைவூட்டல் 1’ என்று எழுதி, பழைய முத்திரையின் நகலை இணைத்து, மறுபடியும் முத்திரை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.